கோடியக்கரையில் ஒரு பகல் நடை



இரவில் உறங்கச் செல்லுமுன் தபாரக் சூரா ஓதும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. பூமியை மனிதனுக்கு வசதியாக்கித் தந்திருப்பதை எடுத்துக்கூறி, அதன் திசைகளில் நடந்து செல்லுமாறு அச்சூராவின் 15ஆம் வசனம் பணிக்கிறது. தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைக் கவனிக்குமாறு 19ஆம் வசனம் தூண்டுகிறது. நிலத்தடியில் நீர் வற்றிப்போனால் ஊற்றுநீரைக் கொண்டுவரக் கூடியவன் யார் என்ற கேள்வியோடு 30ஆம் வசனத்தில் சூரா நிறைவுறுகிறது.

நடை, பறவை, நீர் ஆகிய மூன்றையும் ஒரே பகலில் எண்ணிப் பார்க்க வைக்கும் இடம் ஒன்று நம் கீழைக் கடற்கரையிலேயே இருக்கிறது. அதுதான் கோடியக்கரை. நாகூருக்கு ஆண்டுதோறும் சென்றுவரும் குடும்பங்களில் பல, அங்கிருந்து தெற்கே சில மணி நேரத்தில் அடையக்கூடிய இந்தச் சரணாலயத்தைக் கண்டதில்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு முழுப் பகல் அங்கே நடந்து திரும்புவது எப்படி என்பதை இம்மாதம் எழுத விரும்புகிறேன். நான் தவறாகத் திட்டமிட்டுச் சென்ற ஒரு பயணத்தின் பாடமும் இதில் அடங்கும்.

இடத்தை அறிந்துகொள்வோம்

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில், நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்திருப்பது கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு. இங்குள்ள காடு 1967ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்களைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். பின்னர் 2002ஆம் ஆண்டில், காடும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் உள்ளடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே.

நடப்பவர் இந்நிலத்தை இரு வேறு நிலங்களாகக் கருதிக்கொள்ள வேண்டும். கிழக்கே இருப்பது காடு. பாலையும் நாவலும் அடர்ந்து ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது, நிழல் தருவது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தும், அக்காடு மீண்டும் தழைத்து வருகிறது. மேற்கே விரிந்து கிடப்பது சதுப்பு. அங்கே நிழலே கிடையாது. நீரும் உப்பு, காற்றும் உப்பு. வெயில் மேலிருந்து அடிப்பதோடு நீர்ப்பரப்பில் பட்டுக் கீழிருந்தும் கண்ணில் தெறிக்கும். இராமர் பாதம் எனப்படும் சிறு மேடுதான் இம்முனையின் உயரமான இடம். அதன் உயரமும் சில மீட்டர்களே. மலையேற்றம் இல்லை என்பதால் எளிய நடை என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் நான் ஏமாந்தேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், குடும்பத்தார் பதினொரு பேரை ஒரு வேனில் அழைத்துச் சென்றேன். உம்மாவுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. திட்டம் முழுவதும் என்னுடையது. தொலைநோக்கிக் கண்ணாடி எடுத்துக்கொண்டேன். பறவைப் படங்கள் அடங்கிய நூலை எடுத்துக்கொண்டேன். தண்ணீர்க் குப்பிகளைக்கூட எண்ணி ஏற்றினேன். எதையும் மறக்கவில்லை என்ற நிம்மதியோடு நடக்கத் தொடங்கினோம். பிள்ளைகள் முன்னே ஓட, அவர்களுக்குப் பறவைகளைக் காட்டியபடி நானும் முன்னே சென்றேன். உம்மாவும் மாமியும் பின்னே வந்தார்கள். எவ்வளவு பின்னே என்பதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்றரை மணியளவில் மாமியின் குரல் கேட்டது. ஓடிச் சென்று பார்த்தபோது உம்மா தரையில் அமர்ந்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது, நாக்கு உலர்ந்து பேச்சு வரவில்லை. கையில் இருந்த தண்ணீர்க் குப்பி திறக்கப்படாமலே இருந்தது. நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஈரத்துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். அவ்வழியே வந்த வனக்காவலர் ஒருவர் வேனை அருகே வரவழைத்துத் தந்தார். இறைவனின் அருளால் ஒரு மணி நேரத்தில் தெளிவு வந்தது.

"தண்ணீர் கையிலேயே இருக்கிறதே உம்மா, ஏன் குடிக்கவில்லை?" என்று கேட்டேன்.

உம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள்: "குடிச்சா ஒதுங்க வேணுமே, வாப்பா. இந்த வெட்ட வெளியில எங்கே ஒதுங்குறது? யாருகிட்ட கேக்குறது? அதான் ராத்திரியிலேருந்தே தண்ணியைக் கொறச்சுக்கிட்டேன்."

மாமியும் அவ்வாறே செய்திருந்தார். என் மனைவியும் அப்படியே. பதினொரு பேரில் பெண்கள் ஐவர். ஐவரும் பேசி வைத்துக்கொள்ளாமலே தாகத்தோடு நடந்திருக்கிறார்கள். பெட்டி பெட்டியாகத் தண்ணீரை ஏற்றிய எனக்கு, அதைக் குடிக்க முடியாத காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்பது தோன்றவே இல்லை.

அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது எளிது. கேட்க வேண்டிய கடமை என்னுடையது என்பதே உண்மை.

பின்னால் வருபவரின் பக்கம்

மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களில் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். தலைவர் என்றவுடன் முன்னே நடப்பவர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்னே தங்கி வந்து, பலவீனமானவர்களை நடத்திச் செல்வார்கள். இயலாதவரைத் தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் படும் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தத் தாய் வந்து முறையிடவில்லை. முறையீடு இல்லாமலே அவளது நிலை உணரப்பட்டது.

நீண்ட நடைக்குத் திட்டமிடுவோர்க்கு இதைவிடச் சிறந்த விதி வேறில்லை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யார், வாய்விட்டுச் சொல்லக் கூசுபவர் யார் என்று முதலில் எண்ணுக. அவருக்கு ஏற்ற திட்டம் எல்லோருக்கும் ஏற்றதாகும்.

மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்க

மறு ஆண்டு உம்மாவையே அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். இம்முறை கழிப்பறையிலிருந்துதான் திட்டம் தொடங்கியது. வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்து, கழிப்பறையும் நிழலும் வாகனம் நிறுத்த இடமும் உள்ள ஓரிடத்தைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டோம். ஒரே நீண்ட பாதையாகச் செல்லாமல், பூவின் இதழ்கள் நடுவில் வந்து சேர்வது போல, அவ்விடத்திற்கே திரும்பி வரும் மூன்று சுற்றுகளாக நடையைப் பிரித்தோம். எந்தச் சுற்றும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் போகவில்லை. அடுத்து எப்போது ஒதுங்க முடியும் என்பது தெரிந்துவிட்டால் பெண்கள் அச்சமின்றித் தண்ணீர் குடிப்பார்கள். இதனைப் புறப்படும் முன் எல்லோர் முன்னிலையிலும் வீட்டின் மூத்த பெண்மணி ஒருவர் வாயிலாகச் சொல்லிவிடுவது நலம்.

பருவம்: வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் வரத் தொடங்கும். எனினும் அக்டோபரும் நவம்பரும் மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். சதுப்பின் ஓரம் சேறாகிக் கால் புதையும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே குடும்பத்தோடு நடக்க உகந்தவை. இவ்வாண்டுகளில் ரமலான் பிப்ரவரியை ஒட்டி வருவதால் ஜனவரியே பொருத்தம். ஜும்ஆவுக்குத் தடை வராதபடி வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுக.

நேரம்: தோப்புத்துறையில் உறவினர் உள்ளோர் முந்தைய இரவே அங்கு வந்து தங்கலாம். ஏனையோர் வேதாரண்யத்தில் தங்கலாம். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் புறப்பட்டால் சூரியன் உதிக்கும் ஆறரை மணிக்கு நடையைத் தொடங்கிவிடலாம். முதல் சுற்று சதுப்பின் ஓரம். வெயில் ஏறுமுன் நிழலற்ற நிலத்தை முடித்துக்கொள்ள வேண்டும். காலையில் கிழக்கே முதுகைக் காட்டி மேற்கே சதுப்பைப் பார்ப்பதால் கண் கூசாமல் பறவைகளின் நிறங்களும் தெளிவாகத் தெரியும். எட்டரை மணிக்குத் திரும்பி வந்து பசியாறிவிட்டு, ஒன்பதரை மணிக்குக் காட்டின் நிழலில் இரண்டாம் சுற்று. பதினொன்றரை மணிக்கு நடையை நிறுத்திவிடுக. அதன்பின் ஓய்வு, லுஹர், உணவு, சிறு உறக்கம். ஜனவரியில் அஸருடைய நேரம் நம் ஷாபிஈ கணக்கில் மூன்றே முக்காலை ஒட்டி வரும். அஸர் தொழுதபின் கடற்கரையை நோக்கி மூன்றாவது சுற்று. இது சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர். இருட்டுமுன் சரணாலயத்தை விட்டு வெளியேறி, மஃரிபைத் தோப்புத்துறைப் பள்ளியில் தொழலாம்.

தொலைவு: சமநிலத்தில் முதியோரும் சிறுவரும் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பர். மணலில் இரண்டுக்கு மேல் இயலாது. நின்று பார்க்கும் நேரமும் உண்டு. எனவே மூன்று சுற்றுக்கும் சேர்த்துப் பத்து அல்லது பதினொரு கிலோமீட்டர் போதும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதுவரை செல்லலாம், கட்டணம் எவ்வளவு, வழிகாட்டி உடன் வருவாரா என்பவற்றை வனத்துறையிடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே நாளைக் குறிக்க வேண்டும். வெண்மையாகக் காய்ந்து கிடக்கும் உப்புப் படலத்தின் மீது கால் வைக்காதீர்; அதன் கீழ் சேறு இருக்கும். உப்பளங்களுக்குள் நுழைதலும் கூடாது.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு பகலுக்கு மூன்று லிட்டர் எனக் கொள்க. பதினொரு பேருக்கு 33 லிட்டர். இதைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது. சுற்று முறையில் ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துச் சென்று, திரும்பியதும் நிரப்பிக்கொள்ளலாம். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து உண்போர் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரவேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சில கைவசம் இருக்கட்டும். ஒருவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடல் கொதித்தால் வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல், உடலைக் குளிர்வித்தபடியே வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஒளு: கடற்பயணத்தில் சிறிதளவு நீரையே கொண்டு செல்கிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்திற்கு இல்லாமல் போகிறது, கடல் நீரில் ஒளுச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, கடல் நீர் தூய்மையாக்கக் கூடியது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். குடிநீரைத் தாகத்திற்கு வைத்துக்கொண்டு கரையில் கடல் நீரால் ஒளுச் செய்யத் தயங்க வேண்டாம். வெகு தொலைவிலிருந்து வருவோர் தொழுகையைச் சுருக்குவது, சேர்ப்பது பற்றித் தம் ஊர் ஆலிமிடம் முன்னரே தெளிவு பெற்று வருக. அங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

உடையும் உணவும்: தளர்வான, வெளிர்நிறப் பருத்தி ஆடைகள் ஏற்றவை. பர்தா அணியும் சகோதரிகள் காலில் தடுக்காத நீளத்தில், வெளிர்நிறத்தில் தேர்ந்தெடுக்கலாம். முள்ளுக்கும் சேற்றுக்கும் கணுக்கால் மூடிய காலணி வேண்டும். நெய்ச்சோறும் இறைச்சியும் இரவு வீடு திரும்பியபின் ஆகட்டும். பகலுக்கு எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, பேரீச்சம்பழம் போதும். குரங்குகள் பறித்துச் செல்லும் ஆதலால் மூடியுள்ள தூக்குச்சட்டிகளில் எடுத்துச் செல்க. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை என்பதையும் நினைவிற் கொள்க.

அடைக்கலம் தேடி வந்தவை

காப்பு நிலம் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. மதீனாவை அண்ணலார் (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். மக்கள் ஒதுங்கும் நிழலிலும், நடக்கும் பாதையிலும், நீர்நிலையிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரியது என்று எச்சரித்தார்கள். ஒதுங்குமிடத்தை முன்கூட்டியே தேடி வைப்பது பெண்களுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று, அந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பதும் ஆகும்.

இப்பறவைகளின் பயணத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர்களில் தலையாயவர் ஒரு முஸ்லிம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1896ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த சலீம் அலி, சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் நிறம் அவருக்கு வியப்பளித்தது. அது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை அடைந்தவர், 1987இல் மறையும் வரை பறவைகளையே ஆராய்ந்தார். பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரத்தை அறியும் அக்கழகத்தின் ஆய்வுக்குக் கோடியக்கரை ஒரு முக்கியக் களமாயிற்று.

அங்கே நீரோரத்தில் கொசு உள்ளான் என்ற சிறு பறவையைக் காண்பீர்கள். அதன் எடை முப்பது கிராமுக்குள்தான். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, குளிர்காலத்தை இங்கே கழிக்கிறது. திரும்பிச் செல்வதற்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில் கிடைக்கும் இரையிலிருந்துதான் அது சேமிக்கிறது. படம் எடுப்பதற்காகக் கையைத் தட்டிப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவோர் உண்டு. ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி வீணாகிறது. பூநாரைகளுக்கும் இதே நிலைதான். அவை தலை நிமிர்ந்து நம்மை உற்றுப் பார்க்கத் தொடங்கினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். பறவையும் வாய் திறந்து முறையிடாது. அதன் தேவையையும் நாமே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை சென்றபோது நான் கடைசியில் நடந்தேன். பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக என் தம்பி முன்னே சென்றான். உம்மா என்னருகே நடந்தார்கள். பூநாரைகள் சில சிறகு விரித்து எழுந்தபோது, அவற்றின் இளஞ்சிவப்பு காலை வெயிலில் பளிச்சிட்டது. உம்மா நின்று, அண்ணாந்து பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள். பிறகு தாமாகவே குப்பியைத் திறந்து, அமர்ந்து, பிஸ்மி சொல்லி மூன்று மிடறு தண்ணீர் குடித்தார்கள். நான் பார்த்த காட்சிகளிலெல்லாம் எனக்கு நிறைவளித்தது அதுவே.

இவ்வாண்டு நீங்கள் குடும்பத்தோடு எங்கே புறப்பட்டாலும், பட்டியலை எழுதுமுன் வீட்டுப் பெண்களிடமும் முதியோரிடமும் சென்று, "உங்களுக்கு எது சிரமமாக இருக்கும்?" என்று தனியே கேளுங்கள். ஒருமுறை கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் நலமாய் அமையும்.

வஸ்ஸலாம்.